குளத்தைப் பெரிதாக்கும் முன் பெருக்கிப் பாருங்கள்: தரவுத்தள இணைப்பு கேள்வி பதில்

தரவுத்தள சர்வர்களைக் கட்டிக் காப்பது என் பிழைப்பு. உங்கள் நிரல் அவற்றோடு எப்படி இணைய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள். குளம் என்று நான் சொல்வது, திறந்த இணைப்புகளை மறுபடி மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் இடம். எந்தத் தரவுத்தளம் சிறந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஜாவாக்காரர்: 'சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மறுக்கிறது. சர்வர் ஏற்கும் இணைப்புகளின் வரம்பு 100. குளத்தைக் கவனிக்கும் ஜாவா லைப்ரரியான ஹிகாரியில் இணைப்புக் குளத்தின் அளவு 50தான். பாதிகூடத் தாண்டவில்லையே?

உங்கள் செயலி எத்தனை பிரதிகளாக ஓடுகிறது என்று சொல்லவில்லை. மூன்று என்றால் 150. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய மூன்றும் புதிய மூன்றும் சில நிமிடங்கள் சேர்ந்தே நிற்கும், அப்போது 300. அந்த 100லும் 3 இடங்கள் நிர்வாகிக்கு ஒதுக்கியவை, உங்களுக்கு மிஞ்சுவது 97. போதாததற்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹிகாரி குளத்தை நிரப்பியே வைக்கும். குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லாவிட்டால் அதிகபட்சத்தையே எடுத்துக்கொள்ளும்.

ஹிகாரி தானாகத் தருவது 10. அதை யார் 50 ஆக்கியது? போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்பும் தனி புராசஸ், அதாவது சர்வரில் தனியாக ஓடும் ஒரு நிரல். சர்வரின் பிராசசர் கோர்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பது பழைய கணக்கு. நான்கு கோர், ஒரு வட்டு என்றால் 9. அங்கிருந்து தொடங்கி, அளந்து பார்த்து மாற்றுங்கள். குளத்தைப் பெரிதாக்கும் முன் பிரதிகளால் பெருக்கிப் பாருங்கள்.

புதுமுகம்: கடவுச்சொல் சரிதான். ஆனால் இணைப்பு முகவரியில் கொடுத்தால் 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்கிறது.

கடவுச்சொல்லில் @ இருக்கிறது, பந்தயம் கட்டுகிறேன். முகவரியில் @க்குப் பின் வருவதை ஹோஸ்ட் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் %40 என்று எழுதுங்கள்.

மைஎஸ்க்யூஎல் பயனர்: லோக்கல்ஹோஸ்ட் என்றால் இணையவில்லை, 127.0.0.1 என்றால் இணைகிறது. இரண்டும் ஒன்றுதானே?

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டுக்கு ஒன்றல்ல. முதலாவதைக் கண்டால் அது அதே கணினிக்குள் பேசுவதற்கான சாக்கெட் கோப்பைத் தேடும். இரண்டாவது 3306 போர்ட் வழியாகப் போகும். சாக்கெட் கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

இரவுப்பணிக்காரர்: தினமும் காலையில் முதல் கோரிக்கை மட்டும் தோற்கிறது. சில நாட்களில் பிழைகூட வராமல் அப்படியே நின்றுவிடுகிறது.

நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மைஎஸ்க்யூஎல் சும்மா கிடக்கும் இணைப்பை 28,800 வினாடிகளில், அதாவது 8 மணி நேரத்தில் மூடிவிடும். குளம் அதை அறியாமல் செத்த இணைப்பைக் காலையில் எடுத்து நீட்டும். இது முதல் நோய். சர்வர் மூடுவதற்கு முன்பே குளம் இணைப்பைக் கழித்துவிடும்படி ஆயுளைக் குறைத்து வையுங்கள். பைத்தான் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமியில், தருவதற்கு முன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு.

இரண்டாவது மோசம். நடுவில் இருக்கும் ஃபயர்வால் யாருக்கும் சொல்லாமல் இணைப்பை மறந்துவிடும். அமேசான் கிளவுடில் உள் சர்வர்களை வெளியோடு இணைக்கும் நாட் கேட்வேக்கு 350 வினாடி சும்மா இருந்தாலே போதும். போஸ்ட்கிரெஸின் ஜாவா டிரைவரில் சாக்கெட் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு, இயல்பாக 0. சுழியம் என்றால் காத்திராதே என்பதல்ல, முடிவில்லாமல் காத்திரு என்று பொருள்! முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சர்வர் மின்சாரம் போய் அணைந்தது. மாற்று சர்வர் உடனே எழுந்தும், எங்கள் திரெட்டுகள் செத்த சர்வரின் பதிலுக்காகவே உட்கார்ந்திருந்தன. ஒரு மதிப்பைக் கொடுங்கள். ஆனால் உங்கள் நீண்ட அறிக்கைக் குவெரிக்கு ஆகும் நேரத்தைவிட அது கூடுதலாக இருக்கட்டும்.

கோ நிரலர்: எங்களுக்கும் 'டூ மெனி கிளையன்ட்ஸ்'. ஆனால் நான் எந்த அளவையும் மாற்றவே இல்லை.

அதுதான் பிழை. கோ மொழியின் சொந்த லைப்ரரியில் திறந்த இணைப்புகளுக்கு வரம்பே கிடையாது. சும்மா வைத்திருப்பது மட்டும் 2. வரம்பை நீங்கள்தான் போட வேண்டும்.

இன்னொருவர்: டூ மெனி கிளையன்ட்ஸ்...

முதல் பதில்.

ஐயப்பேர்வழி: உங்கள் கணக்கை ஏற்க முடியாது. நாங்கள் 200 இணைப்பு வைத்துத்தான் ஓட்டுகிறோம். 10 இணைப்பை வைத்து ஆயிரம் பயனர்களுக்கு எப்படிப் பரிமாறுவீர்கள்?

நல்ல சொல், பரிமாறுவது. பந்தியில் 200 இலை போடலாம். சமையற்கட்டில் அடுப்பு நான்குதான். ஒரு குவெரிக்கு 5 மில்லி வினாடி என்றால் ஓர் இணைப்பு வினாடிக்கு 200 குவெரி முடிக்கும். பத்து இணைப்பு 2,000.

ஐயப்பேர்வழி: ஏட்டுக் கணக்கு. பத்தாகக் குறைத்துப் பார்த்தோம், குளத்தில் 30 வினாடி காத்திருந்து எல்லாம் தோற்றன.

அப்படியென்றால் இணைப்பை யாரோ பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறார்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் வேறு என்ன செய்கிறீர்கள்? ஒன்றாகவே நிறைவேற வேண்டிய மாற்றங்களின் தொகுப்பைச் சொல்கிறேன்.

ஐயப்பேர்வழி: ஆர்டரை எழுதுவோம், பணம் வந்ததா என்று வெளிச் சேவையிடம் கேட்போம், பிறகு கமிட் செய்து முடிப்போம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா! வெளிச் சேவை மூன்று வினாடி எடுத்தால், இணைப்பும் பூட்டிய வரிசைகளும் மூன்று வினாடி சிறையில். உங்கள் 200 இணைப்பில் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கேள்வியை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

வேறொருவர்: இவருக்கு, நடுவில் நின்று போஸ்ட்கிரெஸ் இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் பிஜிபவுன்சர் போட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. டிரான்சாக்‌ஷன் முடியும் வரை அதுவும் இணைப்பை விடாது. பிரதிகள் ஏராளமாக இருப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்தால் லிசன் (அறிவிப்புக்குக் காத்திருக்கும் கட்டளை), செஷன் அளவிலான பூட்டு போன்றவை வேலை செய்யாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் குவெரி) பிஜிபவுன்சர் 1.21 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

ஆரக்கிள் பயனர்: ஆரக்கிளில் இதெல்லாம் எப்படி?

என் துறை இல்லை. அதில் ஊறியவரிடம் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி: சர்வர் வரம்பை 1,000 ஆக்கிவிட்டால் 'டூ மெனி கிளையன்ட்ஸ்' வராதுதானே?

வராது. அதற்குப் பதிலாக நினைவகம் தீர்ந்துபோன செய்தி வரக்கூடும். எத்தனை பிரதிகள் ஓடுகின்றன?