காந்தத் துகளை ஊசியில் ஏற்றிக்கொண்டு எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போனால் இழுத்துக்கொள்ளாதா?

ஆளை இழுக்கும் அளவுக்கு இழுக்காது. ஆனால் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்குக் கிட்னி பலவீனம், ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாக விழப் போடும் மருந்து) வேண்டுமாம், வழக்கமாகப் போடும் காடோலினியம் என்ற உலோக மருந்துக்குப் பதிலாக இந்த இரும்பு நானோ துகளைப் போடச் சொல்லலாமா என்று. அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் பிசிக்ஸ் நடத்துகிறேன், பிஎச்.டி.க்கு இந்தத் துகள்களோடுதான் மல்லுக்கட்டினேன். அப்போது எங்கள் சித்தப்பா கேட்டதும் இதேதான்: "ஏ பிள்ள, காந்தத்த ஒடம்புல ஏத்திட்டு, காந்தத்துக்குள்ளயே போயிப் படுக்கச் சொல்லுதாவளா? இழுத்துக்கிடாதா?" நியாயமான பயம்தான். மெஷினின் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா. நம்ம கிருஷ்ணாபுரம் புவிகாந்த ஆய்வகத்தில் அளக்கிறார்களே, அந்தப் பூமிக் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கைக்கூட விடாமல் கழற்றச் சொல்வது அதனால்தான்.

துகளின் கதை வேறு. குறுக்குத்துறை ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்பாகப் பொடி ஒட்டிவரும். பெரும்பாலும் மேக்னடைட். ஊசிக்கான துகளின் உள்கருவும் அந்த இரும்பு ஆக்சைடு வகைதான், ஆனால் குறுக்களவு சுமார் 5 முதல் 20 நானோமீட்டர். அவ்வளவு சின்னதானால், அறை வெப்பமே அதன் காந்தத் திசையை நொடிக்குள் பல தடவை புரட்டிவிடும். வெளிக் காந்தம் இருக்கும்வரை காந்தம், எடுத்ததும் ஒன்றுமில்லை. பீக்கரின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் அந்த ஓரம் ஒதுங்கும், எடுத்துவிட்டுக் குலுக்கினால் பழையபடி கலங்கிவிடும். அப்படி ஒதுங்கினாலும் ஆளையே இழுக்க அது போதாது, உடம்புக்குள் போவது அவ்வளவு சொற்பம். இந்தத் துகளால் செய்த ஃபெரிடெக்ஸ் என்ற ஸ்கேன் மருந்தின் அளவு கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு. 60 கிலோ ஆளுக்கு 34 மில்லிகிராம்கூட வராது. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் அதிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது.

பிறகு எப்படிப் படம் மாறுகிறது? எம்.ஆர்.ஐ. பார்ப்பது உடம்பின் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை. துகள் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கலைப்பதால் அக்கம்பக்கத்து ஹைட்ரஜன்களின் சிக்னல் சீக்கிரம் செத்துப்போகும், அந்த இடம் கறுக்கும். நல்ல ஈரலில் குப்ஃபர் செல்கள் என்ற துப்புரவுச் செல்கள் துகளை விழுங்குவதால் ஈரல் கறுத்துவிடும். பரவிவந்த புற்றுக்கட்டியில் அந்தச் செல்கள் கிடையாது, கட்டி மட்டும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எனக்கு இன்றும் பிடித்த விஷயம் இது.

உள்கருவைச் செய்வது சுலபம். இரண்டு வகை இரும்பு உப்பையும் 1:2 கணக்கில் கரைத்து, நைட்ரஜன் விட்டுக்கொண்டே அம்மோனியா ஊற்றினால் கண் முன்னாலேயே கறுத்துவிடும். மேலே போடும் ஓடுதான் செய்கிறவர் உயிரை வாங்கும். ஓடில்லாத துகள் ஒன்றோடொன்று கட்டிதட்டும், காற்றுப் பட்டால் பழுப்பேறும், ரத்தத்தில் போனால் புரதம் அப்பிக்கொள்ளும். டெக்ஸ்ட்ரான், சிலிக்கா, பாலி எத்திலீன் கிளைக்கால், தங்கம் என்று ஏதாவது போர்த்தியாக வேண்டும். நான் போட்டது சிலிக்கா. மெல்லிசாகப் போனால் மூடாது. தடித்துவிட்டால் தண்ணீர் உள்கருவை நெருங்க முடியாமல் கான்ட்ராஸ்ட் குறையும். சிலிக்கா மூலப்பொருள் அதிகமானால் உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் சிலிக்கா உருண்டைகள் தனியாக முளைக்கும். கறுப்புப் புள்ளியைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழுந்திருக்கிறதா என்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். அதற்குச் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் படத்துக்காகத் தவம் கிடக்க வேண்டும்.

இந்த உள்கரு-ஓடு அமைப்பு ஏதோ அதிசயம் என்று நினைக்க வேண்டாம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ட்ரிப்ஸில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸும் சர்க்கரை போர்த்திய இரும்புத் துகள்தான். அது மருந்தாக நிலைத்தது. ஸ்கேனுக்காக வந்த ஃபெரிடெக்ஸ் நிலைக்கவில்லை. ஃபெரிடெக்ஸுக்கு அமெரிக்காவில் 1996-இல் அனுமதி கிடைத்தது, பிறகு தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மெதுவாக ட்ரிப்ஸில் ஏற்ற வேண்டும், சிலருக்கு முதுகுவலி வந்தது, படத்தில் கறுப்பைத் தேடுவதைவிட வெளிச்சத்தைத் தேடுவதுதான் டாக்டர்களுக்கு வசதி. ஈரலுக்கென்றே காடோலினிய மருந்தும் வந்துவிட்டது. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசி வரியில் மட்டும் 'எதிர்கால எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட்' என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். என் தீசிஸிலும் அந்த வரி உண்டு.

இனி அம்மா விஷயம். கிட்னி மிகவும் மோசமானவர்களுக்குக் காடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வரலாம் என்பது 2006-இல் தெரியவந்தது. இப்போது அதிகம் பயன்படும், உலோகத்தை வளையம்போல் பூட்டிவைக்கும் வகைகளில் அந்த ஆபத்து மிக அரிது. ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்புத் துகள் மருந்து 2009-இல் கிட்னி நோயாளிகளின் ரத்தசோகைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில பெரிய மையங்களில் அதையே கான்ட்ராஸ்டாகவும் போட்டிருக்கிறார்கள். ஆனால் கடும் அலர்ஜி வரலாம் என்று 2015-இல் அதற்குக் கட்டம் போட்ட எச்சரிக்கை விழுந்தது. ஆகவே நானோ என்றால் பத்திரம் என்று நம்பி ஸ்கேன் சென்டரில் அதைக் கேட்டு நிற்காதீர்கள். அம்மாவின் கடைசி கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். ரிப்போர்ட்டை (கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கையோடு கொண்டுபோங்கள். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தாலோ டயாலிசிஸ் நடந்தாலோ ஊசிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் இல்லாமலே பார்க்க முடியுமா, போட்டால் எந்த வகை என்று கிட்னி டாக்டரையும் ரேடியாலஜிஸ்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.