கைப்பட்டை வாங்குமுன் தேட வருபவர் யார் என்று கேளுங்கள்

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு அல்சைமர் நோய். அண்மையில் இருமுறை தனியாக வெளியே சென்று, வழி தெரியாமல் நின்றிருக்கிறார். மாதச் சந்தாவுடன் விற்கும் ஜிபிஎஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். ஆனால் சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஷெரிஃப் அலுவலகமே, அதாவது கவுண்டியின் காவல் அலுவலகமே, நன்கொடைப் பணத்தைக் கொண்டு ரேடியோ கைப்பட்டை தருகிறது என்கிறார்கள். எது நல்லது?

பதில்: முதலில் உங்கள் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் அவசரமல்லாத எண்ணை அழையுங்கள், கடிகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேள்விப்பட்ட திட்டங்களில் பெயர்பெற்றது ‘பிராஜெக்ட் லைஃப்சேவர்’. அது 1999இல் உங்கள் மாநிலத்தின் செசபீக் நகரில்தான் தொடங்கியது; இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பல காவல், மீட்பு அமைப்புகள் அதில் சேர்ந்திருக்கின்றன. பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசையில் இயங்கும் சிறு ஒலிபரப்பி ஒன்றை மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்டிவிடுவார்கள். காணவில்லை என்று நீங்கள் அவசர உதவி எண்ணான 911க்குச் சொன்னதும், பயிற்சி பெற்ற குழுவினர் கையில் ஏந்தும் ஆன்டெனாவுடன் வந்து அந்த அலையைப் பின்தொடர்வார்கள். தரையில் ஏறத்தாழ ஒரு மைல் வரையிலும், ஹெலிகாப்டரிலிருந்து அதைவிடப் பல மடங்கு தொலைவிலும் அலை எட்டும்.

ஜிபிஎஸ் கடிகாரத்தின் வசதி வேறு வகையானது. தாயார் எங்கே இருக்கிறார் என்பதை உங்கள் கைப்பேசியிலேயே உடனுக்குடன் பார்க்கலாம். குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையும் வரும். ஆனால் கட்டடத்தின் உட்புறத்திலும், அடித்தள வாகன நிறுத்தத்திலும், அடர்ந்த மரங்களுக்கிடையிலும் ஜிபிஎஸ் தடுமாறும். அத்துடன், இருப்பிடத்தை உங்களுக்குத் தெரிவிக்கச் செல்பேசிச் சமிக்ஞையும் வேண்டும். ரேடியோ கைப்பட்டைக்கு அந்தச் சமிக்ஞை தேவையில்லை. மேலும், பெரும்பாலான கடிகாரங்களை ஓரிரு நாளுக்கு ஒருமுறை கழற்றி மின்னேற்ற வேண்டும். கழற்றிய கடிகாரத்தை மறதிநோயாளர் மறுபடி கட்டிக்கொள்ள மறுப்பது வீட்டுக்கு வீடு காணும் சங்கடம். விலைப் பட்டியலில் தெரியாத குறை இதுதான்.

கைப்பட்டையின் பேட்டரியை மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ மாற்ற அத்திட்டத்தின் அலுவலரோ தன்னார்வலரோ வீட்டுக்கு வருவார். இந்த வருகையை நான் கருவியைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தாயாருக்கு அந்த முகம் பழகிவிடும். தமிழில் பேசினால்தான் பதில் சொல்வார், இந்தப் பெயரால் அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார் என்ற விவரங்கள் அவர்களுடைய பதிவில் ஏறிவிடும். சீருடை அணிந்த அந்நியர் இருட்டில் ஆங்கிலத்தில் கூவி அழைத்தால் அஞ்சி ஒளிந்துகொள்ளக்கூடிய ஒருவரைத் தேடும்போது, இந்த ஒரு வரிக் குறிப்பு எந்தக் கடிகாரமும் தராத உதவி.

எனினும் ஒன்றை மறக்க வேண்டாம்: தாயார் வெளியேறியதைக் கைப்பட்டை தானாக யாருக்கும் அறிவிப்பதில்லை. நீங்கள் கவனித்து அழைத்தால்தான் தேடல் தொடங்கும். ஆகவே வாசற்கதவு திறந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் வேண்டும், அது மலிவானது. வசதியிருந்தால் கடிகாரத்தையும் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது, சந்தாவை இடையில் நிறுத்தினால் கட்டணம் உண்டா, எந்தத் தலைமுறைச் செல்பேசி வலையமைப்பில் இயங்குகிறது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். 2022இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, அதையே நம்பியிருந்த பழைய கருவிகள் பயனற்றுப்போயின.

கைப்பட்டைக்கான செலவு இடத்துக்கு இடம் மாறும். சில கவுண்டிகளில் முற்றிலும் இலவசம். சில இடங்களில் கருவிக்கும் பேட்டரிக்கும் கட்டணம் உண்டு, இயலாதவர்களுக்கு லயன்ஸ், கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்கள் அதை ஏற்கின்றன. ‘கெவின் அண்ட் அவாண்டே சட்டம்’ என்ற பெயரில் 2018இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இத்தகைய திட்டங்களுக்கு மானியமும் கிடைக்கிறது. தனியே வெளியேறி உயிரிழந்த ஆட்டிசம் கொண்ட இரு சிறுவர்களின் பெயர்கள் அவை. மானியமும் நன்கொடையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்பதால், பணம் தீர்ந்தால் பேட்டரி மாற்றுவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள். உங்கள் கவுண்டியில் பயிற்சி பெற்ற குழு இல்லையென்றால், இந்த ரேடியோ கைப்பட்டையை வேறெங்கோ விலைக்கு வாங்கிக் கட்டுவதில் பொருளில்லை. அலையைக் கேட்பதற்கு ஆன்டெனாவுடன் ஆள் வேண்டுமே.

கேள்வி: அதற்குப் பதிலாக ஆப்பிளின் ஏர்டேக் என்ற சிறு இருப்பிடங்காட்டி ஒன்றைக் காலணியில் வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அது பொருள்களைத் தேடுவதற்கான கருவி என்று ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. அருகில் யாருடைய ஆப்பிள் கருவியாவது இருந்தால்தான் அதன் இருப்பிடம் தெரியவரும். கூட்டமான கடைவீதியில் அது உதவக்கூடும். ஆளில்லாத காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ உதவாது. ஆபத்து அதிகமுள்ள இடங்களோ அவைதாம்.

கேள்வி: ஷெரிஃப் அலுவலகத்தின் கைப்பட்டைத் திட்டத்துக்கு நன்கொடை கேட்டு எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. கொடுக்கலாமா?

பதில்: அந்த அழைப்பிலேயே கொடுக்காதீர்கள். காவல்துறையின் பெயரைச் சொல்லி அழைப்பவர் கமிஷன் பெறும் தொழில்முறை நிதி திரட்டுநராகவும் இருக்கலாம். உங்கள் ஊர்த் திட்டத்துக்கு ஒரு டாலர்கூடப் போகாமலும் இருக்கலாம். அமைப்பின் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அமெரிக்க வருமான வரித்துறையின் வரிவிலக்கு நிறுவனத் தேடல் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஷெரிஃப் அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழைத்து, அந்தத் திரட்டலை அவர்கள் அறிவார்களா என்று விசாரியுங்கள். பரிசு அட்டை எண்ணாகவோ பணப் பரிமாற்றமாகவோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கொடுக்க விரும்பினால் திட்டத்தின் பெயருக்கே காசோலை எழுதி, பேட்டரிச் செலவுக்கென்று குறிப்பிடுங்கள். முதல் கருவிக்குப் பணம் தர ஆட்கள் முன்வருவார்கள், ஆண்டுதோறும் தொடரும் செலவுக்குத்தான் பெரும்பாலும் தட்டுப்பாடு.