அம்மாவின் கையை மறுபடியும் கட்டிப்போடுவார்களா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடமாக டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கிறது, அதற்கு டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் எங்களை அடையாளம் தெரியும். தட்டில் போட்டுக் கொடுத்தால் தானே சாப்பிடுவார், கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். தை மாதம் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் இரவு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று எழுந்தவர் டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டார். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். ஊசியும் போட்டார்கள். அப்புறம் இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுந்து நடக்க ஒரு மாதம் ஆனது. இப்போது தொடை மடிப்பில் ஹெர்னியா (குடலிறக்கம்) இருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். மூன்று வாரம் இருக்கிறது. இந்த முறை வேறு மருத்துவமனை. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா? மறுபடியும் அப்படி நடக்காமல் இருக்க நாங்கள் என்ன கேட்கலாம்? அப்பாவுக்கு 82 வயது, இரவில் நான்தான் கூட இருப்பேன் என்று அடம்பிடிக்கிறார். விடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஆபரேஷன். டிமென்ஷியா உள்ளவருக்குக் கத்தி வைக்க வேண்டும் என்றால் ‘தள்ளிப்போட முடியுமா’ என்று கேட்பது நியாயமான கேள்வி. பலருக்கு நானே தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெண்களுக்கு, அதுவும் இந்த வயதில், தொடை மடிப்பில் வரும் ஹெர்னியாவில் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். அப்படி மாட்டினால் நடுராத்திரியில் அவசர ஆபரேஷன், ஐசியு என்று போகும். தையில் நடந்ததைப் போலப் பத்து மடங்கு ஆகும். அதனால் உங்கள் சர்ஜன் சொல்வது சரியாகத்தான் படுகிறது. மூன்று வாரம் கையில் இருப்பது பெரிய வசதி.

தையில் நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது: டெலிரியம். திடீரென்று ஓரிரு நாளில் வரும் குழப்பம். காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் ஆளே மாறிவிடுவார். டிமென்ஷியா மாதக்கணக்கில் மெல்ல ஊர்ந்து வரும். இது மணிக்கணக்கில் வரும். ஏற்கெனவே டிமென்ஷியா உள்ள மூளைக்கு ஒரு காய்ச்சலோ, தண்ணீர் குறைவதோ, மலச்சிக்கலோ, இரண்டு ராத்திரித் தூக்கம் கெடுவதோ போதும். ‘நோய் முற்றிவிட்டது’ என்று உறவினர்களும், சில சமயம் எங்கள் மருத்துவமனை ஆட்களும் சொல்லிவிடுவார்கள். டெலிரியத்துக்குக் காரணம் தேடிச் சரிசெய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குப் பக்கத்தில் திரும்பி வருவார்கள். உங்கள் அம்மாவும் வந்திருக்கிறார். ஒரு மாதம் ஆனது என்பதுதான் வருத்தம்.

அந்த இரண்டு நாள் தூக்கத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசியின் வேலையாக இருக்கலாம், சத்தமில்லாத டெலிரியமாகவும் இருக்கலாம். கத்துகிற நோயாளியை எல்லோரும் பார்ப்பார்கள். சுருண்டு படுத்திருப்பவரை ‘பாவம், நல்லா தூங்குறாங்க’ என்று விட்டுவிடுவார்கள். மறுபடி அப்படிப் பகலெல்லாம் எழுப்ப முடியாமல் கிடந்தால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இதைத் தடுக்க ஊசியோ மாத்திரையோ கிடையாது. தடுப்பதெல்லாம் மிகச் சாதாரணமான வேலைகள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் ஷேரன் இனோயி 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் தன்னார்வலர்களும் வந்து இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேசினார்கள், கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், எழுப்பி நடக்க வைத்தார்கள், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பாலும் முதுகு நீவிவிடுவதும். டெலிரியம் வந்தவர்கள் முதல் பிரிவில் 15 சதவீதம், இரண்டாவதில் 9.9 சதவீதம். முதுகு நீவி, பால் கொடுத்து இவ்வளவு குறைக்க முடியும் என்று அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் பாட்டி வைத்தியம் என்று சிரித்திருப்போம்.

அந்த நாட்டில் இதற்காக ஆள் நியமிக்க வேண்டியிருந்தது. நம்மிடம் ஆள் ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயர்தான் அட்டெண்டர். ஆனால் அவரை என்ன செய்கிறோம்? மருந்துச் சீட்டோடு பார்மசிக்கு, ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு, பில் கட்டக் கவுண்டருக்கு, கையெழுத்துப் போட இன்சூரன்ஸ் மேஜைக்கு ஓட வைக்கிறோம். உங்கள் அம்மா டிரிப்ஸைப் பிடுங்கியபோது நீங்கள் மருந்துக் கடை வரிசையில் நின்றீர்கள். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, ஏற்பாட்டில்தான் கோளாறு. அதனால் என் முதல் யோசனை: இரண்டு பேர் போங்கள். ஒருவர் ஓட, ஒருவர் உட்கார. உட்காருபவர் எதற்காகவும் எழுந்து போகக் கூடாது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான சிக்கல் இருந்தது. ஜான் ஜெரார்டு என்ற மருத்துவர், டிமென்ஷியா உள்ளவர், காலில் ஆறாத புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பார்வையாளர் கட்டுப்பாட்டால் குடும்பம் கூட இருக்க முடியவில்லை. நடந்து போனவர் ஐந்து வாரம் கழித்து எலும்பும் தோலுமாக, எழ முடியாதவராக வீடு திரும்பினார். 2014 நவம்பரில் இறந்துபோனார். அவருடைய மகள் நிக்கி ஜெரார்டு தன் தோழி ஜூலியா ஜோன்ஸோடு சேர்ந்து, டிமென்ஷியா நோயாளியோடு குடும்பத்தார் எந்த நேரமும் இருக்க உரிமை வேண்டும் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். அங்கே போராடிப் பெற்றது நமக்கு வார்டில் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்குக் கதவை அடைப்பது ஐசியுவிலும் ஆபரேஷனுக்குப் பிந்தைய மயக்கம் தெளியும் அறையிலும்தான். அதைத்தான் முன்கூட்டியே பேச வேண்டும்.

யாரிடம்? அட்மிஷன் அன்று காலை ரிசப்ஷனில் பேசிப் பயனில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் பார்க்கும் நாள் ஒன்று வரும். அதுதான் உங்களுக்கான நாள். அம்மாவுக்கு டிமென்ஷியா, தையில் டெலிரியம் வந்தது, இந்த இரண்டையும் அவருடைய கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். டோனெபெசில் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சில மருந்துகளோடு அது மோதும், இதயத் துடிப்பையும் குறைக்கக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவர் சொல்லட்டும். முழு மயக்கமா, முதுகில் ஊசியா என்று குழம்ப வேண்டாம். முதுகில் போட்டால் டெலிரியம் வராது என்று பலர் நம்புகிறார்கள், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

‘காலையில் முதல் கேஸாக எடுங்கள்’ என்று கேளுங்கள். ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் செய்வதை இன்னும் பார்க்கிறேன். ஏன் பட்டினி என்பது உங்கள் அம்மாவுக்குப் புரியாது, கோபம்தான் வரும். பொதுவான வழிகாட்டுதல்படி வெறும் தண்ணீரை ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அது பொருந்துமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்க அனுமதி கேளுங்கள். கவுன், தொப்பி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் என்றால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கண்ணாடி, பல் செட், காது மிஷின் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, அதைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள்.

அப்புறம் தாலி. எங்கள் பாடப் புத்தகத்தில் இது இருக்காது. ஒரு அம்மாள், எழுபது தாண்டியவர், தியேட்டர் வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னதும் அலறிய அலறல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தன் கணவர் இறந்துவிட்டார், எல்லோரும் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். அதன் பிறகு மூன்று நாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அப்பா இருக்கிறார். நகையைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் வீட்டிலேயே, அப்பா கையால், பொன் தாலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிவிடுங்கள். உலோகம் இல்லாத கயிறு இருக்கலாமா என்று தியேட்டர் சிஸ்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், காபியா டீயா, எந்தக் காதில் கேட்கும், பாத்ரூம் போக வேண்டும் என்றால் வாயால் சொல்வாரா அல்லது புடவையை இழுத்துக்கொண்டு நெளிவாரா. இந்தக் கடைசி விஷயம் ஒன்றே பாதி ரகளையைத் தவிர்க்கும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று எழுபவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் வேண்டியது கழிப்பறை. சிஸ்டர்கள் வேறு மாநிலத்தவராக இருந்தால், ‘வலி’, ‘தண்ணி’, ‘ஒண்ணுக்கு’ என்று ஏழெட்டு வார்த்தைகளைப் பொருளோடு எழுதி ஒட்டுங்கள். டிமென்ஷியாவில் அப்புறம் கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழிதான் கடைசிவரை நிற்கும்.

இப்போது கட்டிப்போடுவது. மறுப்புச் சொல்லலாம், சொல்ல வேண்டும். கட்டினால் பயம் கூடும், பயத்தில் இன்னும் திமிறுவார், புண் வரும், டெலிரியம் நீளும். மனநல மருத்துவமனைகளுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே எல்லை வகுத்திருக்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவர் ஒப்புதலோடு, மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும். ஊழியர் பற்றாக்குறை ஒரு காரணம் ஆகாது என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் மனநல நிலையங்களுக்காக எழுதியது. பொது வார்டு அதைவிட மோசமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மறுப்பு சொன்னால் போதாது, மாற்று வழியும் கையில் இருக்க வேண்டும். டிரிப்ஸ் ஓடாத நேரத்தில் டியூபைக் கழற்றி, ஊசி இருக்கும் இடத்தைச் சுற்றித் துணியால் மறைக்கச் சொல்லுங்கள். கண்ணில் படாததை அவர் பிடுங்கமாட்டார். யூரின் டியூப் போட்டிருந்தால் தினமும் காலையில் ‘இன்னும் தேவையா’ என்று கேளுங்கள். பல பேருக்கு எடுக்க மறந்துதான் இருக்கும்.

ஊசி சில நேரம் தவிர்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தனக்கோ மற்றவருக்கோ அடிபடும் நிலை என்றால் குறைந்த அளவில் போடலாம். என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவில், ஃபெனர்கன் போன்ற அலர்ஜி ஊசிகளையும் வழக்கமாகக் கொடுக்கும் தூக்க மாத்திரைகளையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்லுங்கள், அவையே குழப்பத்தைக் கூட்டும். டிமென்ஷியாவில் லூயி பாடி என்று ஒரு வகை உண்டு. அது என்றால், ரகளையை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் என்ற மருந்து மிகவும் ஆபத்து. அம்மாவுக்கு எந்த வகை என்பதை உங்கள் நரம்பியல் டாக்டரிடம் இந்த மூன்று வாரத்துக்குள் எழுதி வாங்கிவிடுங்கள்.

வலி. ‘வலிக்கிறதா அம்மா’ என்றால் ‘இல்லை’ என்பார், ஐந்து நிமிடம் முன்னால் வலித்தது நினைவில் இருக்காது. முகச் சுளிப்பு, முனகல், தொட்டால் கையைத் தட்டிவிடுவது, ஒரு காலை மடக்கியே வைத்திருப்பது, இதுதான் அவருடைய பதில். கேட்டால் கொடுப்பது என்று இல்லாமல் முதல் இரண்டு மூன்று நாள் வேளாவேளைக்குப் பாரசிட்டமால் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சர்ஜன் அனுமதித்ததும் அன்றைக்கே நாற்காலியில் உட்கார வைத்து, நடக்க வையுங்கள். தையில் போன ஒரு மாத நடை படுக்கையில்தான் போனது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் மனதில் இருக்கும்: இதற்கென்று நல்ல இடம் எதுவும் இல்லையா? இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978லேயே முதியோர் புறநோயாளிப் பிரிவு வந்துவிட்டது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். ஆனால் நாட்டில் அறுபது வயதுக்கு மேல் டிமென்ஷியா உள்ளவர்கள் சுமார் 88 லட்சம் என்று கணக்கு. அத்தனை பேரும் அங்கே போக முடியாது. ஒரு ஹெர்னியாவுக்காகக் கும்பகோணத்திலிருந்து அம்மாவை ரயிலேற்றவும் சொல்லமாட்டேன். பக்கத்து ஊரில் நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு சர்ஜன் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரியை வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஆஸ்பத்திரியில் புதிதாக ஆரம்பித்த ஒவ்வொரு மாத்திரைக்கும் ‘இதை எப்போது நிறுத்துவது’ என்று எதிரே தேதி எழுதி வாங்குங்கள். அங்கே ஒரு ராத்திரிக்காக ஆரம்பித்த தூக்க மாத்திரையை ஆறு மாதம் கழித்தும் சாப்பிட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். வீட்டில் நடைப் பயிற்சிக்கு உதவி வேண்டும் என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வேறு உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் பொது வார்டு என்றால் இரவில் ஆண்களை விடவேமாட்டார்கள், பேச்சே முடிந்தது. தனி அறை எடுத்தாலும் வேண்டாம். 82 வயதில் மூன்று இரவு கண் விழித்தால் நான்காம் நாள் இரண்டாவது கட்டில் தேட வேண்டியிருக்கும். இரவில் நீங்கள் இருங்கள். ஆனால் அம்மாவுக்குக் குழப்பம் கூடுவது பொழுது சாயும் நேரத்தில். அப்பாவைப் பகலெல்லாம் வீட்டில் தூங்கவைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டி வாருங்கள். விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே ராத்திரி இட்லியை ஊட்டிவிட்டு, அம்மா கண்ணயர்ந்ததும் எட்டு எட்டரைக்கு வீட்டுக்குக் கிளம்பட்டும்.