வாசகர் கேள்வி: ஒரு மரணமும் ஒரு செல்போனும்

கேள்வி: ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற ஒருவரின் மரணத்துக்காக 2020-இல் அமெரிக்க நகரங்கள் கொந்தளித்தன. நீதிமன்றம் இருக்கும்போது மக்கள் வீதியில் இறங்கியதும் கடைகளைக் கொளுத்தியதும் முறைதானா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொளுத்தியது முறையல்ல. ஃபிளாய்ட் இறந்த மினியாபொலிஸ் நகரின் லேக் ஸ்ட்ரீட்டில் எரிந்த கடைகளுள் பல, பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் பாடுபட்டு உருவாக்கியவை. ஆனால், வீதியில் இறங்காமலேயே அந்த வழக்கு நீதிமன்றத்தை எட்டியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

20 டாலர் கள்ள நோட்டைக் கொடுத்தார் என்ற சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட கறுப்பினத்தவரான ஃபிளாய்ட், மே 25 அன்று மாலை, கைவிலங்குடன் குப்புறக் கிடத்தப்பட்டார். காவலர் டெரெக் சாவின் அவர் கழுத்தின்மேல் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை அழுத்தியிருந்தார். காவல்துறையின் முதல் அறிக்கையோ, அவர் உடல்நலக் கோளாறால் இறந்ததாகச் சொன்னது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பொய்யை உடைத்தவர் டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண். தின்பண்டம் வாங்க அழைத்து வந்த ஒன்பது வயது உறவுக்காரச் சிறுமியைக் கடைக்குள் அனுப்பிவிட்டு, நடைபாதைக்குத் திரும்பி வந்து, செல்போனில் அனைத்தையும் பதிவு செய்தார். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டபடி உறங்காமல் கிடந்த இரவுகளைப் பற்றிப் பின்னர் நீதிமன்றத்தில் அவர் சொன்னதைப் படித்தபோது என் நெஞ்சு பதறியது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா?

காட்சிப் பதிவு இருந்தால் போதுமே என்றும் சொல்வதற்கில்லை. 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் தடியால் அடித்து நொறுக்கியதை ஒருவர் தம் வீட்டு பால்கனியிலிருந்து படம் பிடித்திருந்தும், மறு ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஜூரி, அதாவது பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு, எந்தக் காவலரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதையடுத்து மூண்ட கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கறுப்பினக் குடும்பங்கள் இதையெல்லாம் மறந்துவிடவில்லை.

2020-இல் நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். மே 26 அன்றே சாவினும் உடனிருந்த மூன்று காவலர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். போராட்டமும் அன்றே தொடங்கியது. சாவின் கைதானது மே 29 அன்று. மற்ற மூவர்மீது குற்றம் சாட்டப்பட்டது ஜூன் 3 அன்று, அதாவது போராட்டத்தின் ஒன்பதாம் நாளில். சாவின் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது 2021 ஏப்ரலில். தண்டனை இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை.