மலையாள சினிமா சரிகிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நாகர்கோவில்): பத்மராஜன், பரதன், கே.ஜி. ஜார்ஜ் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது வருபவற்றில் பாதியைக்கூட முழுதாகப் பார்க்க முடியவில்லை. தரம் சரிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். உங்கள் நினைவில் இருப்பவை எண்பதுகளின் மிகச் சிறந்த முப்பது நாற்பது படங்கள். அவற்றோடு நீங்கள் ஒப்பிடுவதோ போன வெள்ளிக்கிழமை வெளியான நான்கு படங்களை. எண்பதுகளிலும் குப்பை ஏராளமாக வந்தது. அதைக் காலம் பெருக்கித் தள்ளிவிட்டது.

உச்சத்தில் இருக்கும் படங்கள் குறையவில்லை என்பதே என் கணிப்பு. சரிந்திருப்பது நடுவில் இருந்தவை. 1989-இல் வந்த 'வரவேல்பு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவன் சேமிப்பைப் போட்டு ஒரு பஸ் வாங்குகிறான். தொழிற்சங்கத் தகராறில் எல்லாம் போகிறது. சீனிவாசன் எழுத்து, சத்யன் அந்திக்காடு இயக்கம். காவியம் அல்ல, விருதுக்கு எடுத்ததும் அல்ல. ஆனால் எழுத்தில் ஒரு கண்ணியம் இருந்தது. அந்த வகைப் படத்துக்குத்தான் இன்று தியேட்டரில் இடமில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): 2000-க்குப் பிறகு வந்த பத்தாண்டு மிக மோசம் என்கிறார்கள். காரணம் சூப்பர் ஸ்டார்களா?

பதில்: அவர்கள் மட்டும் அல்ல. பத்மராஜன் 1991-இல் இறந்துவிட்டார், பரதன் 1998-இல். கே.ஜி. ஜார்ஜ் அதே 1998-இல் தம் கடைசிப் படத்தை எடுத்துவிட்டு ஒதுங்கினார். எழுத்தாளர்களின் இடம் காலியாக, அங்கே மீசையை முறுக்கும் தம்புரான்கள், அதாவது ஜமீன்தார் தோரணை நாயகர்கள், வந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: 1993-இல் ஏஷியாநெட் என்ற மலையாளத் தனியார் சேனல் தொடங்கியபின் மாலை நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்துக்கொண்டன. பெண்களும் வயதானவர்களும் வீட்டில் தங்க, தியேட்டரில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். யார் டிக்கெட் வாங்குகிறார்களோ அவர்களுக்குத்தானே படம் எடுப்பார்கள்? 2000-இல் மோகன்லாலின் 'நரசிம்மம்' வசூலை அள்ளியது; அதே ஆண்டில் ஷகீலா நடித்த, மிகக் குறைந்த செலவில் எடுத்த 'கின்னாரத்தும்பிகள்' படமும் கல்லாவை நிரப்பியது. இரண்டுக்கும் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது என் சந்தேகம்.

கேள்வி (திருச்சி): ரசனை மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

'நரசிம்மம்' முடியும் இடத்தில் மோகன்லால் கதாநாயகியிடம் தன் விருப்பத்தைச் சொல்கிறார். குடித்துவிட்டு நடுராத்திரி வீடு திரும்பும்போது உதைப்பதற்கு ஒரு பெண் வேண்டும், வருகிறாயா என்கிற ரீதியில் போகிறது பேச்சு. அவள் மகிழ்ச்சியாக ஜீப்பில் ஏறுகிறாள். தியேட்டர்கள் அதிர்ந்தன. கைதட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். அதை மறைத்துப் பயனில்லை.

2019-இல் வந்த 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் ஷம்மி என்ற பாத்திரம். பஹத் பாசில் செய்தது. குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டை பிளேடால் சுரண்டி எடுக்கிறான். மீசையைச் சரிசெய்துகொண்டு, துணி விளம்பரத்தில் வரும் ஆண்மகன் நான்தான் என்று தன்னையே மெச்சிக்கொள்கிறான். வீட்டுப் பெண்கள் தன் சொல் கேட்க வேண்டும், உணவு மேசையில் தலைமை நாற்காலி தனக்கு வேண்டும். தொண்ணூறுகளில் இவன் கதாநாயகன். இங்கே இவனைப் பார்த்து அரங்கம் முதலில் சிரிக்கிறது, பிறகு பயப்படுகிறது. கடைசியில் மீன் வலையைப் போட்டு அமுக்குகிறார்கள். எழுதிய சியாம் புஷ்கரன் எங்கேயும் உபதேசம் செய்யவில்லை. இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் மீசை அதே மீசைதான். அதைப் பார்க்கிறவர்கள் வேறு.

இடையில் 2011-இல் ராஜேஷ் பிள்ளையின் 'டிராஃபிக்' வந்தது. தனி நாயகன் இல்லாமல், ஓர் இதயத்தைக் குறித்த நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் கதை. தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' ஆனதும் அதுதான். அந்தப் படம் ஓடியிராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்குத் தயாரிப்பாளர் கிடைத்திருப்பது கடினம்.

கேள்வி (சென்னை): 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்', 'பிரேமலு', 'ஆவேசம்' என்று வரிசையாக வெற்றி. தமிழ்நாட்டிலேயே கொண்டாடினோம். பிறகு ஏன் தயாரிப்பாளர்கள் அழுகிறார்கள்?

பதில்: நாம் பார்த்தது அந்த நாலைந்தை மட்டும். அவர்கள் சங்கம் சொன்ன கணக்குப்படி, 2024-இல் வெளியான புதிய படங்கள் 199. லாபம் கண்டவை 26. மொத்த இழப்பு 700 கோடி ரூபாய்க்கு அருகில். சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையை மனதில் வைத்தே கணக்கு வெளியிடும். கொஞ்சம் தள்ளியே படியுங்கள். ஆனாலும் நிலவரம் பொய் அல்ல.

கொரோனா காலத்தில் ஓடிடி நிறுவனங்கள் மலையாளப் படங்களை ஆர்வமாக வாங்கின. 'திரிஷ்யம் 2' 2021-இல் தியேட்டருக்கே வராமல் நேரடியாக வெளியானது. அந்தப் பணத்தை நம்பிச் சம்பளங்கள் ஏறின. தியேட்டரில் ஓடாவிட்டாலும் முதல் திரும்பிவிடும் என்ற தைரியத்தில் அரைவேக்காட்டுத் திரைக்கதைகள் படப்பிடிப்புக்குப் போயின. பிறகு அந்த நிறுவனங்கள் சுதாரித்துக்கொண்டு, முதலில் தியேட்டரில் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு விலை பேசலாம் என்றன. தொலைக்காட்சி உரிமையின் விலையும் விழுந்தது. ஏறிய சம்பளம் மட்டும் இறங்கவில்லை. நீங்கள் பாதியில் நிறுத்திவிடும் படங்களில் கணிசமானவை இப்படிப் பிறந்தவை. எழுத்தாளனுக்கு இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் சில தேறியிருக்கும்.

கேள்வி (மதுரை): நான் ஓடிடியில் வரட்டும் என்று காத்திருப்பவன். தப்பா?

பதில்: தப்பில்லை. ஒரு குடும்பம் தியேட்டருக்குப் போய்வரும் செலவை நானும் அறிவேன். தியேட்டரில் வெளியான படம் ஓடிடிக்குப் போக 42 நாள் இடைவெளி வேண்டும் என்று கேரளத் தியேட்டர்காரர்கள் 2024-இல் சண்டையே போட்டார்கள். 42 நாள் காத்திருப்பது யாருக்கும் கஷ்டமில்லை என்பதுதான் அவர்கள் சிக்கல். ஆனால் 'வரவேல்பு' போன்ற படம் ஏன் இப்போது வருவதில்லை என்று மட்டும் நீங்கள் கேட்கக்கூடாது.

கேள்வி (சேலம்): யூடியூப் விமர்சகர்கள்தான் படங்களைக் கொல்கிறார்களாமே?

பதில்: நல்ல படத்தைக் கொன்றதற்கு எனக்கு ஓர் உதாரணம் காட்டுங்கள். காசு வாங்கித் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிப் புகழ்பவர்களைப் பற்றித் தயாரிப்பாளர்கள் வாய் திறப்பதில்லை.

கேள்வி (ஈரோடு): 'மார்கோ' போன்ற ரத்தக்களரி எப்படி ஓடுகிறது? இதுவா கேரள ரசனை?

பதில்: தெலுங்கு, கன்னடப் படங்களின் வசூலைப் பார்த்து வந்த ஆசை அது. தொலைக்காட்சியில் காட்டத் தணிக்கை வாரியம் அனுமதி மறுக்கும் அளவுக்குப் போனார்கள். என்னால் உட்கார முடியவில்லை. பெரிய செலவு என்றாலே இப்படித்தான் என்றும் எண்ண வேண்டாம். 2025 ஓணத்துக்கு வந்த 'லோகா' கேரள நாட்டார் கதைகளில் வரும் யட்சி கள்ளியங்காட்டு நீலியின் கதையைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தது. கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. படம் 300 கோடியைத் தாண்டியது. பெண்ணை மையமாக வைத்தால் கூட்டம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வேறு காரணம் தேடுகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பழையது ஒன்று, புதியது ஒன்று சொல்லுங்கள். நானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்: கே.ஜி. ஜார்ஜின் 'இரகள்', 1985. திலீஷ் போத்தனின் 'ஜோஜி', 2021. இரண்டிலும் பணக்கார எஸ்டேட் குடும்பம், அதட்டும் தந்தை, கொலைகாரனாகும் இளைய மகன். 'ஜோஜி'யை எழுதியவரும் அதே சியாம் புஷ்கரன்தான். பழையதை முதலில் பாருங்கள். அச்சு மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எது மேல் என்று எனக்கு எழுதுங்கள். என் ஓட்டு 'இரகள்' பக்கம், அதுவும் சொற்ப வித்தியாசத்தில்.