பழைய முகவரிகள் சாகாமல் புதிய சேர்வருக்கு மாறுவது எப்படி?

பழைய தளத்தை மூடிப் புதியதுக்கு மாறுகிறீர்கள். என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வலைச் சேர்வர் மென்பொருளில் பிராக்சி, ரீடைரெக்ட், ரீரைட் மூன்றில் எதை எங்கே வைப்பது, தமிழில் இருந்த பழைய முகவரிகள் ஏன் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) காட்டுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஆண்டு மலர்களையும் பழைய படங்களையும் சேர்த்து வைத்திருக்கும் சிறிய தளம் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். சென்ற வருடம் இதே வேலையைச் செய்தேன்.

எங்கள் ஊர்த் தபாலை வைத்துச் சொல்கிறேன். லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து பிரிவுக்கும் லயத்துக்கும் போகும். ஆபீஸ் கடிதத்தை வாங்கி உள்ளே கொடுத்து, பதிலையும் தானே வாங்கி அனுப்பினால் அது பிராக்சி. எழுதியவருக்கு ஆபீசை மட்டுமே தெரியும். "அந்தக் குடும்பம் கீழ்ப்பிரிவுக்குப் போய்விட்டது, அங்கே எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் ரீடைரெக்ட். உறையில் இருக்கும் பழைய லய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதி உள்ளே அனுப்பினால் ரீரைட். நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்த கதை எங்கள் மலையில் நிறைய உண்டு. அதனால் முகவரி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

முதலில் பிராக்சி. பெரும்பாலானோர் விழும் இடம், கோரிக்கையை உள்ளே எங்கே அனுப்புவது என்று சொல்லும் பிராக்சி பாஸ் (proxy_pass) வரியின் கடைசிச் சாய்கோடு. எந்த முகவரிகளுக்கு இந்த வரி என்று சொல்லும் லோக்கேஷன் "/படங்கள்/" என்று இருக்கிறது, உள்ளே 8080 போர்ட்டில் தளத்தை நடத்தும் செயலி ஓடுகிறது என்று வையுங்கள். 8080 என்பதோடு வரியை முடித்தால், "/படங்கள்/25" என்ற கோரிக்கை அப்படியே முழுதாகச் செயலிக்குப் போகும். 8080க்குப் பின் ஒரு சாய்கோடு போட்டால் லோக்கேஷனோடு பொருந்திய பகுதி வெட்டுப்பட்டு, "/25" மட்டும் போகும். லோக்கேஷனில் கடைசிச் சாய்கோட்டை விட்டுவிட்டு இங்கே மட்டும் போட்டால் "//25" என்று இரட்டைச் சாய்கோடு வரும். உங்கள் செயலி எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்துவிட்டு இந்த வரியை எழுதுங்கள்.

கூடவே, வந்தவர் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் வந்தார் என்பதை எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ (X-Forwarded-Proto) என்ற தலைப்பில், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியில், உள்ளே சொல்லி அனுப்புங்கள். அந்தத் தலைப்பை நம்பும்படி செயலியிலும் அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் செயலி ஒவ்வொரு முறையும் "எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று திருப்பி அனுப்பும். உலாவி சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கைவிட்டுவிடும்.

ரீடைரெக்டில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். முதல் நாளே 301 என்ற ரீடைரெக்ட் எண்ணைப் போட்டேன். அதிலும் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும் ஒற்றை வரி. மறுநாள் காலையில் திருத்திவிட்டேன். ஆனால் 301 நிரந்தரம் என்று பொருள்படுவதால் உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா அழைத்து, "தம்பி, அப்பாவின் படத்தை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். படம் அங்கேயேதான் இருந்தது. அவருடைய கைப்பேசி மட்டும் பழைய பதிலைப் பிடித்துக்கொண்டு முகப்புக்கே போய்க்கொண்டிருந்தது. சோதிக்கும் நாட்களில், தற்காலிகம் என்று பொருள்படும் 302 போடுங்கள். எல்லாம் சரி என்று கண்ட பிறகு 301 ஆக்குங்கள். உலாவியில் சோதிப்பதைவிட கர்ல் (curl) என்ற கட்டளைவரிக் கருவியில் தலைப்புகளை மட்டும் வாங்கிப் பார்ப்பது நம்பகமானது, அது எதையும் நினைவில் வைக்காது.

எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், பழைய பெயரிலிருந்து புதிய பெயர், பழைய பக்கத்திலிருந்து புதிய பக்கம் என்று மூன்று தாவல் வைக்காதீர்கள். நேராகக் கடைசி முகவரிக்கே அனுப்புங்கள். 2020, 2021 ஆண்டுகளில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறிப் படித்த ஊர்கள் இவை. ஒரு தாவல் குறைந்தாலும் இங்கே தெரியும்.

இனி 404. பழைய முகவரி "?ஐடி=25" என்று முடிந்தால் லோக்கேஷனோ ரீரைட்டோ அதைப் பிடிக்காது. அவை கேள்விக்குறிக்கு முன்னால் உள்ளதை மட்டுமே பார்க்கும். கேள்விக்குறிக்குப் பின் உள்ள மதிப்பைத் தரும் ஆர்க் மாறியை எடுத்து, எதற்கு எது என்று பொருத்தித் தரும் ஒரு மேப் (map) அட்டவணையில் கொடுங்கள். பழைய எண் இடப்பக்கம், புதிய முகவரி வலப்பக்கம். நூறு ரீரைட் வரிகளை விட இது படிக்கவும் திருத்தவும் எளிது.

தமிழ் முகவரிகள் தனிக் கதை. "தேயிலை" நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஆறு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 18 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் %E0 என்பது போலச் சதவீதக் குறியோடு எழுதினால் 54 எழுத்துகள். யூஆர்ஐ என்ற மாறி இதையெல்லாம் அவிழ்த்துத் தருவதால் மேப்பின் இடப்பக்கத்தில் தமிழிலேயே எழுதலாம். ரிக்வெஸ்ட் யூஆர்ஐ மாறியைப் பயன்படுத்தினால் உலாவி அனுப்பிய சதவீத வடிவம்தான் வரும், தமிழ் பொருந்தாது. வலப்பக்கம் வெளியே போகும் முகவரி என்பதால் அதைச் சதவீத வடிவிலேயே எழுதுங்கள். நீளமான தமிழ் முகவரிகளால் மேப்பின் ஹேஷ் பக்கெட் (வரிகளை வைக்கும் பெட்டி) அளவு போதவில்லை என்று பிழை வரலாம். அந்த அளவைக் கூட்டினால் தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு "கொழுந்து" என்ற ஒரே பக்கம் எனக்கு 404 காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் போனது. அட்டவணையிலும் கொழுந்து, வந்த கோரிக்கைகளைப் பதியும் லாக் கோப்பிலும் கொழுந்து. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சதவீத வடிவில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோதுதான் பிடிபட்டது. பழைய தளத்தில் தட்டெழுதியவர் ஒகர உயிர்க்குறியை ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாக அடித்திருந்தார். என் விசைப்பலகை அதை ஒரே குறியீடாகத் தந்தது. யூனிகோடில் இரண்டும் சமம், ஆனால் என்ஜின்எக்ஸ் பைட்டுகளை ஒப்பிடுகிறதே தவிர எழுத்துகளை அல்ல. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் வரும் முகவரிகளுக்கு இரண்டு வடிவங்களையும் அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.

மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பிறகு, ரீலோட் செய்யும் முன் அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டுங்கள். லாக்கில் 404களை ஒரு மாதமாவது தினமும் பாருங்கள். பழைய டொமைன் பெயரின் வருடக் கட்டணத்தையும் நிறுத்தாமல் கட்டுங்கள்; நான் இன்னும் கட்டுகிறேன். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் இருப்பது அந்தப் பெயர்தான். அதைப் பார்த்துத் தட்டெழுதி வருகிறவர்களை லாக்கில் இப்போதும் காண்கிறேன்.