எட்டு மணிக்கு யாரும் ஓடிவர வேண்டாம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் டிஷ் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ரெக்கார்டிங் வசதியைப் போட்டுக்கொண்டோம். மாமியாருக்கு 74 வயது. தினமும் நாலு சீரியல் பார்ப்பார்கள். முன்பு இரவு எட்டு மணிக்கு அவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால் நாங்களும் கூடத்திலேயே இருப்போம். பிள்ளைகள் அங்கே படிப்பார்கள், நான் காய் நறுக்குவேன், கணவர் பேப்பர் பார்ப்பார். இப்போது மாமியார் எல்லாவற்றையும் மறுநாள் மதியம் தனியாகப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ராத்திரி கூடம் காலி. வீட்டை நாமே பிரித்துவிட்டோமோ என்று உறுத்துகிறது. இந்த வசதியை எடுத்துவிடலாமா?

இன்னொன்று. ஒரு சேனலின் பொங்கல் நிகழ்ச்சியில் என் மகளின் பள்ளிக் குழு ஆடியது. அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். பென் டிரைவில் எடுக்கலாம் என்று அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால், ஃபார்மட் செய்யச் சொல்கிறது. செய்யலாமா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில்: ஃபார்மட் செய்யாதீர்கள். செய்தால் மகளின் நடனம் உட்பட எல்லாம் அழிந்துவிடும். டிஸ்க்கைக் கழற்றிப் பழையபடி பெட்டியிலேயே செருகிவிடுங்கள். மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு ரெக்கார்டர் 2010-ல் வந்தது. அமெரிக்காவில் டிவோ என்ற பெட்டி 1999-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் டாடா ஸ்கை பிளஸ் 2008-ல் வந்தது. அதற்கு முன் வீட்டில் வி.சி.ஆர். இருந்தது; அதில் டைமர் வைக்க அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். புதுப் பெட்டியில் சீரியலின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தினமும் தானாகப் பதிவாகும். அம்மா இரண்டே நாளில் பழகிக்கொண்டாள்.

அதற்கு முந்தைய எங்கள் கூடத்தையும் சொல்கிறேன். எட்டு மணி சீரியலுக்கு ஏழரைக்குள் சாம்பார் இறங்கியாக வேண்டும். தோசைக்கல் விளம்பர இடைவேளையில்தான் அடுப்பில் ஏறும். ஒரு இடைவேளைக்கு ஆறு தோசை. ஆறாவது வேகும்போது கதை தொடங்கிவிடும். அம்மா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் நின்று பார்ப்பாள். எண்ணெய்ச் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. “என்ன சொன்னா?” என்று கேட்டால் நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாக “ஷ்” என்போம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. எங்களுக்கு அது குடும்பமாக உட்கார்ந்து டிவி பார்த்த நேரம். அவளுக்கு அது நின்றபடி சமைத்த நேரம்.

உங்கள் கடிதத்திலும் பாருங்கள், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நீங்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

ரெக்கார்டர் வந்த பிறகு அம்மா பதினொரு மணிக்குமேல், வீடு அடங்கிய பிறகு, கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். விளம்பரத்தை ஓட்டிவிடுவாள். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விளம்பரம், டைட்டில் பாட்டு, நேற்றைய கதை எல்லாவற்றையும் தள்ளினால் அரை மணி சீரியல் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாட்டிக்கோ காது மந்தம். அவளுக்குப் பிடித்த பொத்தான் பின்னால் ஓட்டுவதுதான். ஒரே வசனத்தை மூன்று முறை கேட்பாள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் மாமியாருடன் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். அவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்களோ என்னவோ. 74 வயதில் ரிமோட் முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் இழப்பு உண்மையானது. 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசிக் கட்டத்தில் அப்பாவுக்கு சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. அவர் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பேசினார். இந்தப் பெட்டிகள் ஒளிபரப்பை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருப்பதால் நடக்கிற ஆட்டத்தையும் நிறுத்திவைக்க முடியும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடவிட்டோம். பந்து வீச ஒருவர் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே தெருவில் சரவெடி. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து கத்துகிறார். தோனி சிக்ஸர் அடித்தபோது எங்கள் வீட்டில் ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. தெருவோடு சேர்ந்து கத்தும் வாய்ப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மேட்சை யாரும் நிறுத்துவதில்லை.

சீரியல் அப்படியில்லை, காத்திருக்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: நாலில் ஒன்றை மட்டும், அவர்களுக்குப் பிடித்ததை, வாரத்தில் ஒரு இரவு எல்லோரும் சேர்ந்து பார்க்க எடுத்துவைக்கும்படி மாமியாரிடம் கேளுங்கள். நேரத்தை நீங்கள் வையுங்கள், சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, நீங்களும் உட்கார்ந்த பிறகு. நாங்கள் ஒரு பாட்டுப் போட்டியைச் சனிக்கிழமை பதிவு செய்து, ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம். யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லலாம் என்பது ஏற்பாடு. ஒரு சிறுமி பல்லவியில் ஒரு இடத்தைத் தவறவிட்டாள் என்று அப்பாவும், இல்லவே இல்லை என்று அம்மாவும் சண்டை போட்டு, அந்த வரியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்பா தொடையில் தாளம் போட்டுக் காட்டினார். பாட்டி இருவரையும் விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பாவாடைக் கலரைப் பற்றிப் பேசினாள். நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம், நாங்கள் பார்த்து முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். நேரலையாக இருந்தால் அன்றைக்கும் “ஷ்” தான்.

நடைமுறைக்குச் சில. பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், கரண்ட் போனால் பதிவும் போச்சு. கனமழையில் டிஷ்ஷுக்கு வரும் சிக்னல் பலவீனமாகிவிடும், அந்த நேரத்துப் பதிவு கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். அப்புறம், சேனல்கள் சொன்ன நேரத்தில் முடிப்பதில்லை. கூடுதல் நிமிடம் வைக்கும் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால் பத்து நிமிடம் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கடைசிக் காட்சி இருக்காது.

இனி மகளின் நடனம். இந்தப் பதிவுகளைப் பூட்டித்தான் எழுதுவார்கள், சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி பழுதாகி வேறு கொடுத்தால் உங்கள் டிஸ்க் நன்றாக இருந்தும் திறக்காது. எங்களுக்கு நடந்தது இது. ஒரு கும்பாபிஷேக நேரலையில் பாட்டி கூட்டத்துக்குள் கைகூப்பி நிற்பது சில விநாடி வந்திருந்தது. 2014-ல் ஒரு நாள் காலை பெட்டி உயிர்விட்டது. வந்தவர் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப்போய்விட்டார். அதில் என்ன இருந்தது என்பது எங்களுக்கு நினைவு வந்தபோது மாலையாகிவிட்டது. பாட்டி நகர்கிற மாதிரி ஒரு படம்கூட இப்போது எங்களிடம் இல்லை.

அதனால் இன்று இரவே செய்யுங்கள். கூடத்து விளக்கை அணைத்து, ஃபேனை நிறுத்தி, செல்போனை ஒரு ஸ்டூலின் மேல் படுக்கைவாட்டில் அசையாமல் நிறுத்தி, திரையில் ஓடும் நடனத்தை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள். படம் சுமாராகத்தான் வரும், பரவாயில்லை. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். மாமியார் நடுவில் ஏதாவது சொன்னால் சொல்லட்டும், அதுவும் சேர்ந்து பதிவாகட்டும்.